மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை

பெண் எலி ஒன்று தன் முட்டைச் சுற்றில் இன்றைக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போதும். இடது கையில் எலியைப் பிடித்துக்கொண்டு, டிராப்பரில் கொஞ்சம் சலைனை எடுத்து, யோனித் துவாரத்தில் மெதுவாக விட்டு, அப்படியே திரும்ப உறிஞ்சி, ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியதுதான். உட்கருவோடு உருண்டையான செல்கள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தால், முட்டை இன்று ராத்திரி வெளிவரப்போகிறது. உட்கரு இல்லாமல், ஓரம் மடங்கி, அவலைச் சிந்திவிட்ட மாதிரி தட்டைச் செல்களாகக் கிடந்தால், வந்துவிட்டது. சின்னச் சின்ன வெள்ளணுக்கள் மட்டும் மொய்த்துக் கிடந்தால் இன்னும் நாள் இருக்கிறது. நாலு நாள், சில எலிகளுக்கு ஐந்து நாள், இந்தச் சுற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது 2012-இல், எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக. முதல் வாரம் டிராப்பருக்குப் பதிலாகப் பஞ்சு சுற்றிய குச்சியைக் கொஞ்சம் ஆழமாகவே விட்டுவிட்டேன் போல, இரண்டு எலிகளுக்குச் சுற்று அப்படியே நின்றுவிட்டது. கர்ப்பப்பை வாயில் தூண்டல் பட்டால் எலியின் உடம்பு இணை சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கரு இல்லாமலேயே பன்னிரண்டு பதினாலு நாள் பொய்க் கர்ப்பத்தில் உட்கார்ந்துவிடும். அளக்கப் போன கையே அளவைக் கெடுத்துவிடுகிறது. ஸ்ட்ரெஸ் முட்டை வருவதை என்ன செய்கிறது என்று தேடும் இந்தத் துறையில் ஒரு முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டு எலிகள்தான்.

இப்படிச் செல்களை எடுத்து ஸ்லைடில் பார்ப்பதற்கு ஸ்மியர் என்று பெயர். அந்த வித்தை நூறு வருடத்துக்கும் பழையது. 1917-இல் ஸ்டாக்கர்டும் பாப்பனிக்கொலாவும் கினிப்பன்றியில் செய்து காட்டினார்கள். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக எடுக்கிறார்களே பாப் ஸ்மியர், அது இதே பாப்பனிக்கொலாவின் பெயர்தான். 1922-இல் கலிஃபோர்னியாவில் லாங், இவான்ஸ் இருவரும் எலியின் சுற்றைப் படிப்படியாக எழுதி வைத்தார்கள். அதற்கப்புறம் எலி என்பது கருமுட்டை ஆராய்ச்சிக்கு ஒரு கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது.

கடிகாரம் என்று நான் சும்மா சொல்லவில்லை. 1950-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் எவரெட், சாயர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாள் எலிக்கு மயக்கமருந்து கொடுத்தார்கள், ஆனால் வெவ்வேறு நேரங்களில். மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கொடுத்தால் அன்று ராத்திரி முட்டை வரவில்லை. நாலு மணிக்கு மேல் கொடுத்தால் ஒரு பாதிப்பும் இல்லை, முட்டை வந்துவிட்டது. சரி, இரண்டு மணிக்கு முன்னால் கொடுத்துத் தடுத்த எலிக்கு எப்போது வரும்? மயக்கம் தெளிந்து சில மணி நேரத்தில் வந்திருக்க வேண்டும் என்றுதானே தோன்றும். வரவில்லை. சரியாக இருபத்து நாலு மணி நேரம் தள்ளிப்போய், அடுத்த ராத்திரி வந்தது. மறுநாள் மதியமும் அதே நேரத்தில் மருந்து கொடுத்தால் இன்னொரு நாள் தள்ளிப்போனது. அதாவது எலியின் மூளையில் தினமும் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு ஜன்னல் திறக்கிறது. அந்த ஜன்னலைத் தவறவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஜன்னலில் நடப்பது இதுதான். சினைப்பையில் முட்டைப் பைகள் வளர வளர ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போகிறது. அது ஒரு அளவைத் தாண்டியதும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. அது பக்கத்திலேயே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய் எல்எச் என்ற ஹார்மோனைப் பெரிய அலையாகக் கிளப்புகிறது. அந்த அலை ரத்தத்தில் இறங்கிச் சினைப்பையைத் தொட்டதும், நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் முட்டைப் பைகள் உடைகின்றன. மற்ற நாட்களில் எல்எச் அலையாக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வரும். அந்தத் துடிப்பு எவ்வளவு முக்கியம் என்று காட்டியவர் பிட்ஸ்பர்க்கில் ரீசஸ் குரங்குகளை வைத்து வேலை செய்த எர்ன்ஸ்ட் நோபில். 1978-இல் அவர் குழு வெளியிட்ட சோதனையில், மணிக்கு ஒரு முறை ஜிஎன்ஆர்எச் கொடுத்தால் பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. நிறுத்தாமல் தொடர்ச்சியாகக் கொடுத்தால், ஹார்மோன் நிறைய இருந்தும் அது மூடிக்கொண்டது. கதவை விட்டு விட்டுத் தட்டினால் திறக்கிறார்கள், விடாமல் அழுத்தும் காலிங் பெல்லுக்கு யாரும் எழுந்து வருவதில்லை.

ஆக ஸ்ட்ரெஸ் கைவைக்க இரண்டு இடம் இருக்கிறது. மெதுவான துடிப்பைக் கெடுத்தால் முட்டைப் பையே ஒழுங்காக வளராது. அலையைக் கெடுத்தால் வளர்ந்த முட்டை வெளியே வராது. "ஸ்ட்ரெஸ் இருந்தால் குழந்தை நிற்காது" என்று கல்யாண வீட்டில் யாராவது அறிவுரை சொல்லும்போது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி ஒரே உருண்டையாகப் பிடித்துவிடுகிறார்கள். அறிவியல் செய்தி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

நான் ஸ்ட்ரெஸ் என்றே எழுதுவதற்குக் காரணம் உண்டு. மன அழுத்தம் என்று தமிழில் எழுதினால் எல்லாம் மனதுக்குள்ளேயே நடக்கிற மாதிரி ஆகிவிடுகிறது, போதாக்குறைக்கு டிப்ரஷனுக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறார்கள். ஆய்வகத்தில் ஸ்ட்ரெஸ் என்றால் குளிர், பசி, காலில் மின் அதிர்ச்சி, கம்பிவலைக் குழாயில் மூன்று மணி நேரம் அடைப்பது, காய்ச்சல், தனியாக விடுவது எல்லாம் சேர்த்தி. இந்தச் சொல்லைப் பிரபலப்படுத்திய ஹான்ஸ் செல்யே தொடங்கிய இடமே வேறு. மாண்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது சினைப்பையில் புதிய ஹார்மோன் ஏதாவது இருக்கிறதா என்று. சினைப்பைச் சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்: சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி வீங்கியது, மார்பில் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. புது ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவருக்கு, வேறு உறுப்புகளின் சாற்றைப் போட்டாலும், குளிரில் வைத்தாலும் அதே மூன்றும் வந்ததைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும்! 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கடிதமாக அதை எழுதினார். சினைப்பையைத் தேடிப் போனவர் கையில் ஸ்ட்ரெஸ் சிக்கியது. அப்புறம் அதே ஸ்ட்ரெஸ் சினைப்பையை என்ன செய்கிறது என்று பார்க்க அவரே திரும்பியும் வந்தார்.

ஸ்ட்ரெஸுக்கும் ஒரு சங்கிலி உண்டு. ஹைப்போதலாமஸ் சிஆர்எச் என்ற ஹார்மோனை விடும், பிட்யூட்டரி ஏசிடிஎச் விடும், அட்ரீனல் கார்டிசால் விடும். எலிக்குக் கார்டிசாலுக்குப் பதில் கார்டிகோஸ்டிரோன், ஆடும் குரங்கும் நம்மைப் போலக் கார்டிசால்தான். இனப்பெருக்கச் சங்கிலியும் இதுவும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே பிட்யூட்டரி வழியாக இறங்குகின்றன. ரத்தத்தில் ஏறும் கார்டிசால்தான் முட்டையைத் தடுக்கிறது என்று ரொம்ப நாள் எளிமையாக நினைத்தார்கள்.

1981-இல் வைலி வேல் குழு சிஆர்எச்சைப் பிரித்தெடுத்ததும் அந்த எளிமை போய்விட்டது. 1986-இல் கேத்தரின் ரிவியேவும் வேலும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையில், விதை நீக்கிய ஆண் எலிகளுக்கு விட்டுவிட்டு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், எல்எச் விழுந்தது. பிறகு சிஆர்எச்சைத் தடுக்கும் மருந்து ஒன்றை மூளைக்குள் செலுத்தினார்கள், அதிர்ச்சி தொடர்ந்தாலும் எல்எச் தாங்கியது. அதே மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் பயனில்லை. சண்டை மூளைக்குள்ளேயே நடக்கிறது, அட்ரீனல் வரை போக வேண்டிய அவசியம்கூட இல்லை என்பதுதான் அதன் பொருள்.

ஆட்டிலும் இதே கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்டார்கள். ஆடு ஏன் என்றால், ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கு இறங்கும் நுண்ணிய ரத்தக்குழாயிலிருந்து, விழித்திருக்கும் செம்மறியாட்டிலேயே ரத்தம் எடுக்க முடியும், எலியில் அது நடக்காத காரியம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கார்ஷ் குழு பெட்டை ஆடுகளுக்கு அடுக்கடுக்காகத் தொந்தரவு கொடுத்தது: மந்தையிலிருந்து பிரித்தார்கள், அசையவிடாமல் கட்டினார்கள், கண்ணைக் கட்டினார்கள், கடைசியில் நாய் குரைக்கும் சத்தம். ஒரு அடியோ வலியோ கிடையாது. எல்எச் துடிப்புகள் சுருங்கின. கார்டிசாலை மட்டும் தனியாகக் கொடுத்தாலும் பிட்யூட்டரி, ஜிஎன்ஆர்எச்சுக்குச் சரியாகப் பதில் சொல்லாமல் மந்தமாகிறது, அது உண்மை. ஆனால் கார்டிசால் போய் ஒட்டும் இடத்தை மருந்தால் அடைத்துவிட்டு நாய்ச் சத்தம் போட்டாலும், மூளையிலிருந்து இறங்கும் ஜிஎன்ஆர்எச் துடிப்பின் அளவு குறையத்தான் செய்தது. ஆகவே கார்டிசாலுக்குப் பங்கு உண்டு, மொத்தப் பழியையும் அதன் தலையில் கட்ட முடியாது. கார்டிசாலைக் குறைக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் பொடி டப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆடுகள் ஞாபகம் வரும்.

மூளைக்குள் இருக்கும் ஆட்கள் யார் என்பது கடந்த இருபது முப்பது வருடக் கதை. கிஸ்பெப்டின் என்று ஒன்று, 1996-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரத்தில் புற்றுநோய் ஆராய்ச்சியில் கிடைத்த மரபணுவிலிருந்து வருவது, அந்த ஊரின் ஹெர்ஷி கிஸ்ஸஸ் சாக்லேட்டை வைத்து அதற்குப் பெயர் வைத்தார்கள். 2003-இல்தான் அது பருவமடைதலுக்கே சாவி என்று தெரிந்தது. எலி மூளையில் கிஸ்பெப்டின் செல்கள் இரண்டு கூட்டமாக இருக்கின்றன, ஒன்று துடிப்புக்கு, இன்னொன்று மதிய அலைக்கு. ஸ்ட்ரெஸ் கொடுத்த எலிகளில் கிஸ்பெப்டின் குறைவதைப் பல குழுக்கள் பார்த்திருக்கின்றன.

இன்னொன்று எதிர்ப்பக்கம். 2000-இல் ஜப்பானில் கசுயோஷி சுட்சுயி குழு, ஜப்பானியக் காடை மூளையில் ஜிஎன்ஆர்எச்சுக்கு எதிராக வேலை செய்யும் ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தது, பாலூட்டிகளில் அதன் உறவுக்கு ஆர்எஃப்ஆர்பி-3 என்று பெயர். 2009-இல் பெர்க்லியில் ஒரு குழு, ஸ்ட்ரெஸ் பட்ட ஆண் எலிகளில் இது ஏறுவதையும் எல்எச் இறங்குவதையும் காட்டியது. 2015-இல் அதே குழு பெண் எலிகளுக்கு வந்தது. பதினெட்டு நாள், தினமும் கொஞ்ச நேரம் அசையமுடியாமல் அடைத்து வைத்தார்கள். அடைப்பதை நிறுத்திய பிறகு ஒரு முழுச் சுற்று, அதாவது நாலைந்து நாள், ஓய்வு கொடுத்தார்கள். அதற்கப்புறமும் மூளையில் அந்தத் தடை ஹார்மோன் இறங்கவில்லை, கர்ப்பமானவை குறைவாகவே இருந்தன. ஆனால் அந்தத் தடை ஹார்மோனை உண்டாக்கும் ஒரே ஒரு மரபணுவை மூளையில் முன்கூட்டியே அடக்கி வைத்திருந்த எலிகள், அதே பதினெட்டு நாளும் அடைபட்டிருந்தும், ஸ்ட்ரெஸ் படாத எலிகளைப் போலவே குட்டி போட்டன. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது மரபணு விஷயம் இல்லை, அந்த நாலைந்து நாள். எலிக்கு அது ஒரு முழு மாதச்சுற்று மாதிரி. வெளியே எல்லாம் அடங்கிய பிறகும் உள்ளே கணக்கு முடியவில்லை.

மூளையைத் தொடாமலே போகும் வழியும் இருக்கிறது. சிலி நாட்டில் ஹெர்னான் லாரா குழு எலிகளைத் தினமும் மூன்று மணி நேரம் நாலு டிகிரி குளிரில் வைத்து எடுத்தது, வாரக்கணக்கில். ஆபத்தில் உடம்பை உசுப்பும் சிம்பதெடிக் நரம்புகள், சினைப்பைக்குள் ஓடுபவை, விழித்துக்கொண்டன, முட்டைப் பைகள் வளரும் விதமே மாறி, உடையாத பைகள் தங்க ஆரம்பித்தன. பிசிஓஎஸ் என்று நம் ஊரில் இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயருக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிடும் மாதிரிகளில் இதுவும் ஒன்று.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்ட்ரெஸ் முட்டையைத் தடுக்கும் கதை. தலைகீழாகவும் நடக்கும். அட்ரீனல் கார்டிகோஸ்டிரோனை மட்டும் விடுவதில்லை, கூடவே கொஞ்சம் புரொஜெஸ்டிரோனையும் விடும். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏற்கெனவே நிறைந்து, அலைக்குத் தயாராக இருக்கும் எலிக்கு, அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன அதிர்ச்சி வந்தால், அந்தப் புரொஜெஸ்டிரோன் எல்எச் அலையை எழுப்பிவிடலாம், ஏசிடிஎச் ஊசியாலேயே இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஆனால் சாதாரணச் சுற்றில் இருக்கும் எலியை அதே மதியம் குழாயில் அடைத்தால் அலை தாழ்கிறது, மறுநாள் எண்ணிப் பார்த்தால் முட்டைகளும் குறைவு. எந்த ஸ்ட்ரெஸ், எவ்வளவு நேரம், அந்த நேரம் ஈஸ்ட்ரோஜன் எங்கே நின்றது என்பதைப் பொறுத்து ஒரே அட்ரீனல் இரண்டு பக்கமும் தள்ளும்.

இந்தக் கேள்விக்கு ஒரு அசிங்கமான வரலாறும் உண்டு, அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பெர்லினில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஸ்டீவ, பயம் முட்டையை என்ன செய்கிறது என்று கோழிகளில் பார்த்தவர், கோழிகளுக்குப் பக்கத்தில் கூண்டில் நரியை வைத்து. நாஜிக் காலத்தில் அவருக்குக் கோழி தேவைப்படவில்லை. ப்ளோட்சன்ஸே சிறையில் மரணதண்டனைக்குக் காத்திருந்த பெண்களின் மாதவிடாய் விவரங்கள் அவருக்குக் கிடைத்தன, தண்டனை முடிந்ததும் உடல்களும் கிடைத்தன. அவர் பயன்படுத்திய உடல்களின் பட்டியலில் 182 பெயர்கள், பெரும்பாலும் பெண்கள். பயத்தில் முட்டை வரும் என்றும் வராது என்றும் அரசியல் மேடைகளில் பேசுகிறவர்கள், அந்தப் பேச்சின் ஒரு வேர் எங்கே போகிறது என்று ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

குரங்குகளுக்கு வருவோம். வட கரோலினாவில் ஜே கப்லன் குழு, நீள்வால் மக்காக் பெண் குரங்குகளைக் கூட்டமாக வைத்து வருடக்கணக்கில் கவனித்தது. கூட்டத்தில் கீழ்ப்படியில் இருக்கும், எப்போதும் அடி வாங்கும் பெண்களுக்கு அட்ரீனல் பெரிசு, முட்டை வராத சுற்றுகள் அதிகம், இதய ரத்தக்குழாயில் கொழுப்பும் அதிகம். 2007-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஜூடி கேமரன், சாரா பெர்கா குழு இதே இனக் குரங்குகளுக்குச் சின்னச் சின்ன மாற்றம் மட்டும் செய்தது. வேறு அறைக்கு மாற்றினார்கள்: பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உணவைக் கொஞ்சம் குறைத்து லேசாக ஓடவிட்டார்கள்: அதுவும் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது பெரும்பாலான குரங்குகளின் சுற்று தடுமாறியது. அப்போதும் சில குரங்குகள் கல் மாதிரி நின்றன.

இதோடு கதை நேராகிவிட்டது என்று நினைத்தால் மார்மோசெட் வந்து குலைத்துவிடும். கைக்குள் அடங்கும் இந்தத் தென் அமெரிக்கக் குரங்குகளில் கூட்டத்துக்கு ஒரு பெண்தான் பெரும்பாலும் குட்டி போடும். மற்ற பெண்களில் பலவற்றுக்கு முட்டையே வராது. ஸ்ட்ரெஸ் என்று முடிவு கட்டி டேவிட் அபட் முதலானவர்கள் கார்டிசாலை அளந்தால், அடங்கிக் கிடக்கும் பெண்ணுக்குத் தலைவியைவிடக் கார்டிசால் குறைவு! அந்தப் பெண்ணைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிட்டால் சில வாரத்தில் முட்டை வர ஆரம்பித்துவிடும். செம்மறியாட்டுக்குத் தனிமை தண்டனை, இதற்கு விடுதலை.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு தர்மசங்கடமான கேள்வி மிஞ்சுகிறது: ஸ்ட்ரெஸ் கொடுக்காத எலி என்று ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறோமே, அதற்கு ஸ்ட்ரெஸ் இல்லையா? 2014-இல் மாண்ட்ரியலில் ஜெஃப்ரி மோகில் குழு, அறையில் ஆண் ஆராய்ச்சியாளர் இருந்தாலே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறுவதைக் காட்டியது. ஆள் வேண்டாம், ஆண் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டே போதும். 2010-இல் லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்டும் வெஸ்டும் சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதற்கும், குழாயிலோ குவித்த உள்ளங்கையிலோ ஏந்துவதற்கும் பயத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டினார்கள். உலகம் பூராவும் வாலைப் பிடித்துத்தான் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு டிகிரி ஏசி நமக்குச் சுகம், சுண்டெலிக்கு முப்பது பக்கம் இருந்தால்தான் குளிராது. பெண் சுண்டெலிகளை மட்டும் ஒரே கூண்டில் நெருக்கி வைத்தால் சுற்று நீண்டு நின்றுபோகும் என்பது 1950-களிலேயே தெரிந்த விஷயம். ஆண் சுண்டெலியின் மூத்திர வாடை பட்டால் அது மூன்றாவது நாள் மொத்தமாகத் திரும்பி வரும் என்று விட்டன் காட்டியதும் அதே பத்தாண்டில்தான். ஆய்வுக் கட்டுரைகளில் இதெல்லாம் "தரமான சூழலில் வளர்க்கப்பட்டன" என்ற ஒற்றை வரிக்குள் போய்விடும்.

எங்கள் எலிக்கூடம் கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் ஷெட்டுக்கு ஒட்டினாற்போல இருந்தது. 2012 தமிழ்நாட்டில் எப்படிப்பட்ட வருடம் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்ட் போகும் என்று எண்ணுவதை நிறுத்தியிருந்தோம். டைமர் வைத்த விளக்கு அணையும், சுவர் அதிரும், டீசல் புகை வரும், விளக்கு திரும்ப எரியும், டைமர் தப்பாக ஓடும். என் எட்டு எலிகளில் மூன்றுக்கு ஸ்மியர் தாறுமாறாக வந்தது. கைடு நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஒழுங்கற்ற சுற்று, இதை நீக்கிவிடு, மிச்சத்தை வைத்து எழுது என்றார். விதிமுறைப்படி அது சரிதான், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கூண்டுக்கு உமி மாற்ற வரும் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். அவர் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டே, "மதியம் ரெண்டு டு நாலு கட்டு வர்ற வாரத்துல இதுங்க ஒழுங்கா வராது தம்பி. காலைல கட்டு வர்ற வாரத்துல எடுத்துப் பாரு" என்றார்.